டிபன் பாக்ஸ் மூடியில் நாலு வார்த்தை

என் டிபன் பாக்ஸ் மூடியில் ஒரு மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறது. அதில் நாலு இங்கிலீஷ் வார்த்தைகள் தெலுங்கு எழுத்தில் எழுதியிருந்தன. வீட்டில் பேசுவது தமிழ், மூணாங்கிளாஸ் வரை படித்தது தெலுங்கு, வயிற்றுக்குத் தேவைப்பட்டது இங்கிலீஷ். மூன்றுமே எனக்கு அரைகுறை; அதனால் எந்த மொழிக்காரரும் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டதில்லை.

எழுதியவர் எங்கள் லைன் லீடர். சூளூர்பேட்டைப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆந்திராவில் சத்தியவேடு பக்கம் அடுத்தவர் வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்த நான், ஸ்ரீ சிட்டியில் ஃபேக்டரிகள் வந்ததும் ஷூ போட்ட கூலியாளானேன். பெல்ட்டில் ஓடிவரும் பிளாஸ்டிக் மூடிகளில் ஓட்டை உடைசலைப் பொறுக்குவது வேலை. வெளிநாட்டு மேனேஜர் ஒருவர் சுற்றிவந்து இங்கிலீஷில் ஏதாவது கேட்பார். எல்லாவற்றுக்கும் நான் "எஸ் சார்" என்பேன். அது இங்கிலீஷ் இல்லை, எங்கள் குடும்பச் சொத்து. என் நைனா, நிலத்துக்காரர் வாயைத் திறக்கும்போதே "சரிங்கய்யா" என்பார். அவர் போன பிறகுதான் பக்கத்து ஆளிடம், "இன்னா சொல்லிட்டுப் போறாரு?" என்று கேட்பார். நிலமில்லாத எங்களுக்கு அதுதான் வரிசை: முதலில் சரி, பிறகு விஷயம்.

ஒருநாள் பெல்ட்டில் ஒரு மூடி சிக்கி, ஓட்டம் நின்றது. மேனேஜர் என்னிடம் ஏதோ கேட்டார். "எஸ் சார்" என்றேன். அதை நம்பி லீடர் உள்ளே கையை விட்டு மூடியைப் பிடுங்கினார். பெல்ட் துள்ளி ஓடியது. கையுறை மட்டும் அதோடு போனது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அண்ணா, அவரு இன்னா கேட்டாருன்னு தெரியுமா?"

"தெரிலமா."

"தெரியாம எதுக்கு எஸ்ஸுன்ன?"

"கேட்டது பெரியவராச்சே."

சுவிட்சை அணைத்தாயா என்றுதான் கேட்டாராம். லீடர் திட்டியிருந்தால் இளித்துச் சமாளித்திருப்பேன். அவர் திட்டவில்லை. மேனேஜரிடம் போய்க் கெஞ்சி ஒரு வாரம் தவணை வாங்கி வந்தார். திங்கட்கிழமை மேனேஜரே என்னைக் கேள்வி கேட்பார். தப்பாகச் சொன்னால் வேலை போய்விடும்.

அன்று மதியமே டேப்பை ஒட்டினார். டர்ன் ஆஃப், அணை. டேக் அவுட், வெளியே எடு. டர்ன் ஆன், திரும்பப் போடு. நாலாவது, ஹோல்ட் ஆன்.

"இது இன்னாத்துக்குமா?"

"கொஞ்சம் இருங்க, கேட்டுக்கினு வந்து சொல்றேன்னு. பின்னால ஒரு சார் சேத்துக்கோ. மீதி மூணும் மறந்தாலும் பர்வாலேது."

அந்த வாரம் வீட்டில் ஸ்டவ்வை டர்ன் ஆஃப் செய்தேன், குழம்பிலிருந்து கத்தரிக்காயை டேக் அவுட் செய்தேன். "துன்றத துன்னுட்டு அப்புறம் பேசுயா" என்றாள் வீட்டுக்காரி. நாலாவதை அவளிடம் சொல்லிப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை முதல் மூன்று கேள்விக்கும் பதில் சொன்னேன். நாலாவது கேள்வி நீளமாக வந்தது. ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. தலை தானாக ஆட ஆரம்பித்தது, எஸ் தொண்டைவரை வந்துவிட்டது. நாலடி தள்ளி லீடர் புதுக் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். அந்த விரல்களைப் பார்த்தேன்.

"ஹோல்ட் ஆன் சார்."

ஒரு பெரிய மனிதரை நான் நிற்க வைத்தது அதுதான் முதல்முறை. இடியொன்றும் விழவில்லை. அவர் நின்றார். லீடரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். யார் கை உள்ளே போவதானாலும் அதற்குமுன் சுவிட்சை அணைக்கும் பொறுப்பை நீ எடுத்துக்கொள்வாயா என்கிறாராம். திரும்பி வந்து, முதல்முறையாக விஷயம் தெரிந்து, "எஸ் சார்" என்றேன்.

லீடர் பிறகு கல்யாணமாகி துபாய்க்குப் போய்விட்டார். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து டேப்பில் எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. ஃபேக்டரிச் சம்பளத்தில் ஊரில் அரை ஏக்கர் வாங்கினேன். போன மாதம், நான் வேலைக்குக் கிளம்பி வயல் வழியாகப் போகும்போது, அதை அளக்க வந்த ஆபீசர் ஒரு காகிதத்தை நீட்டி, "இக்கட சந்தகம் பெட்டு" என்று கையெழுத்துக் கேட்டார். அதில் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. என் கழுத்தில் நைனாவின் தலை ஆட ஆரம்பித்தது.

"ஹோல்ட் ஆன் சார்" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, படித்துச் சொல்ல ஆள் கூப்பிடப் போனேன். அவர் வரப்பில் வெயிலில் நின்றார். டிபன் பாக்ஸ் என் கையில்தான் இருந்தது. மூடியைப் பார்க்கத் தேவைப்படவில்லை.