ஸ்லைடில் விழுந்த கோடு

நாற்பது வருஷத்துக்கு முன்னால் கல்யாணமாகி ராயபுரம் வந்த முதல் காலையில், கடையின் பின்னறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. இரும்பின் மேல் இரும்பு வழுக்கிப் போய், ஒரு கணம் நின்று, திரும்பி வந்து மூடிக்கொண்டது. யாரோ எதையோ சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டதுபோல் இருந்தது எனக்கு. பிஸ்டலின் மேல்பாகத்தை இழுத்துவிடும் சத்தம் அது. அந்தப் பாகத்துக்கு ஸ்லைடு என்று பெயர்.

லைசென்ஸ் துப்பாக்கி விற்று, பழுதும் பார்க்கிற கடையில் வெடிச்சத்தம் கேட்காது. வருகிறவர்களின் பயம்தான் கேட்கும். பழுது பார்ப்பது என் கணவர். பதில் சொல்வது நான். வாடிக்கையாளரிடம் வாய் வலிக்கப் பேசியவர்களுக்கு என் பாடு தெரியும். அண்மையில் எங்களைப் பாடாய்ப் படுத்தியவர் இருதயராஜ். துறைமுகத்துக்குப் பக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். தன் லைசென்ஸ் பிஸ்டலில் விழுந்த ஒரு கோட்டுக்காக மகன் அருளையே இழக்கப் பார்த்தார்.

சந்தனம்

ஆயுத பூஜை முடிந்த வாரம் வந்தார். ஸ்லைடு பாதி வழியில் நின்றுவிட்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. என் கணவர் கழற்றிப் பார்த்தால், அது ஓடுகிற பள்ளங்களில் சந்தனம் காய்ந்து கல்லாகியிருக்கிறது. மேலே குங்குமம் வேறு. "நீங்க சர்ச்சுக்குப் போறவராச்சே, தம்பி?" என்றேன்.

"பட்டறைல பசங்க லேத்துலேர்ந்து ஸ்பேனர் வரிக்கும் பொட்டு வெச்சிக்கினே வந்தானுங்கமா. இத்த மட்டும் வுட்டா கோச்சிக்காதா?"

எண்ணெய்

"ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, தடவி, துணியால துடைச்சிடுங்க. மினுக்கம் தெரிஞ்சா போதும், ஈரம் தெரியக்கூடாது" என்று சொல்லி அனுப்பினேன். கடல்காற்றில் துருப்பிடித்துவிடும் என்ற பயம் அவருக்கு. தையல் மிஷின் எண்ணெயைக் கவிழ்த்து ஊற்றி, அப்படியே பீரோவில் வைத்துவிட்டார். அடுத்த முறை அவர் மனைவி ஸ்டெல்லாவும் கூட வந்தாள், கையில் கல்யாணப் பட்டோடு. முந்தானை முழுக்க எண்ணெய்த் திட்டு. அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இன்னிய வரிக்கும் ஒரு காக்காவக்கூட சுட்டதில்லமா இந்தாளு. என் பட்டுப்பொடவைய மட்டும் சுடாமலே கொன்னுட்டாரு."

கோடு

தேர்தல் வந்தால் லைசென்ஸ்காரர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ எங்களைப் போன்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். திருப்பி வாங்கும்போது "கீறிட்டீங்க" என்று சண்டை பிடிப்பவர்கள் உண்டு. இருதயராஜ் ஒப்படைக்க வந்தபோதே முகம் செத்துப்போயிருந்தது. ஸ்லைடின் ஓரத்தில் கறுப்பு உரிந்து, கோடாக வெள்ளை இரும்பு தெரிந்தது.

"அருள்தாம்மா எடுத்துனு போய் சுட்டுக்கீறான். தெருவுல வேற சண்ட அவனுக்கு. கேட்டா இல்லன்றான். வுட்டேன் ஒரு அற. வூட்ட வுட்டே பூட்டான், மாத்தூர்ல தோஸ்து வூட்ல கீறான். நானே ஸ்டேஷன்ல சொல்லிடப் போறேன்."

என் கணவர் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கரி இல்லை. தோட்டா குறைந்திருக்கிறதா என்று கேட்டார். அதுவும் இல்லை. "இது சுட்டதால வந்ததில்ல, தம்பி. இழுத்து இழுத்து விட்டா எந்த ஸ்லைடும் இப்படித்தான் தேயும். யார் இழுக்கிறாங்க?" என்றேன் நான். இருதயராஜ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான். பட்டறைலேர்ந்து வந்தவொடனே டெய்லி இஸ்துப் பாப்பேன். அவன் எடுத்து தோட்டா கீட்டா போட்டு வெச்சிக்கீறானோன்னு பயம்."

மகன் நம்பரை எடுத்து, போனை என்னிடம் நீட்டினார். நான்தான் போட்டு விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் லாரிச் சத்தத்துக்கு நடுவே அருள் கத்தினான்.

"அவரு கைல தேஞ்சதுக்கு என் கன்னம் இன்னா ஆயா பண்ணுச்சு?"

சுடாமல் வைத்திருந்தாலும் துப்பாக்கி தேயும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி நாங்களும் தேய்ந்துவிட்டோம். அருள் மாத்தூரிலேயே அறை எடுத்துத் தங்கி, மணலியில் வெல்டராக இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்கு மட்டும் ராயபுரம் வந்துபோகிறான்.