மிளகை அள்ளும் நேரம்

டாக்டர் மறதி நோய் என்றார். மறதிக்கு இத்தனை தெம்பு எங்கிருந்து வருகிறது என்றுதான் எனக்குப் புரியவில்லை. பகலெல்லாம் சாதுவாக உட்கார்ந்திருக்கும் அப்பா, சாயங்காலம் ஐந்து மணியானால் என்னை அடிக்க வருவார். ஒருநாள் முறத்தால் அடித்ததில் என் புருவம் கிழிந்தது. நானும் திருப்பி ஓர் அறை விட்டேன். அதை மறைத்து எழுத மனசு வரவில்லை.

சோளக்காடு சந்தையில் கடை வைத்திருக்கும் தம்பி வந்து பார்த்தான். "இன்னொருக்கா கை நீட்டுனார்னா நாமக்கல்ல ஒரு ஹோம்ல உட்டுரலாம்க்கா. நீயும் மனுசிதான?" என்றான். கொல்லிமலையை விட்டு இறக்கினால் அப்பா ஒரு வாய் சாப்பிட மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் 'சரி' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அவ்வளவு அலுத்துப் போயிருந்தேன்.

மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் நர்ஸிடம் அழுதேன். அந்தப் பெண் ஆறுதல் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டது.

"அடிக்கறதுக்கு முன்னால நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

என்ன பண்ணுவேன்? வாசலில் காயப்போட்ட மிளகைப் பனி இறங்குமுன் மூட்டையில் அள்ளிக்கொண்டிருப்பேன். சொல்லும்போதே உறைத்தது. மிளகுக் காலத்தில் திருட்டுக்குப் பயந்து வீட்டுக்கு ஓர் ஆள் காவல் இருப்போம். எங்கள் வீட்டில் எப்போதும் அப்பாதான். இப்போது எவளோ ஒருத்தி வந்து அவர் கண்ணெதிரே மூட்டை கட்டுகிறாள். "நான் உங்க மவ" என்று நான் கத்தக் கத்த, திருடி பொய்யும் சொல்கிறாள் என்று அவருக்குக் கோபம் இன்னும் ஏறியிருக்கும்.

"எதிர்ல நின்னு மல்லுக்கட்டாதீங்க. நீங்க யாருன்னு புரிய வெக்கவும் வேண்டாங்க. அவரையே வேலைக்குக் கூப்புடுங்க" என்றது அந்தப் பெண்.

மறுநாள் மூட்டையைத் தொடாமல் பக்கவாட்டில் போய் நின்றேன். அவர் கையில் தடி இருந்தது.

"ஏனுங்க, மிளகை அள்ளிரலாங்களா?"

அப்பா தடியைக் கீழே வைத்துவிட்டுத் தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கினார். "அந்தப் பக்கம் புடி" என்றார்.

அதிலிருந்து தினமும் இரண்டு பேருமாக அள்ளுகிறோம். மிளகுக் காலம் முடிந்தும், காய்ந்த மிளகையே காலையில் மறுபடி விரிக்கிறேன். தம்பி தலையில் அடித்துக்கொள்கிறான். ஆனால் ஹோம் பேச்சை எடுப்பதில்லை.

நேற்று மூட்டை கட்டி முடித்ததும் அப்பா என் தலையில் கை வைத்தார்.

"பொழுதோட ஊடு போய்ச் சேரு கண்ணு. உங்கப்பன் தேடுவான்."

சரிங்க என்று சொல்லி வாசலைத் தாண்டி நடந்தேன். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்து அவருக்குச் சோறு வைத்தேன்.