சுவர் எடுத்த உறுதிமொழி

1. மன்றம் வந்த வழி

ஓசூரில் பாகலூர் சாலைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்த முதல் நாளே மனித உரிமை மன்றம் என் தலையில் விழுந்தது. யாரும் தகுதி பார்க்கவில்லை. ஸ்டாஃப் மீட்டிங்குக்கு நான் தாமதமாகப் போனேன், அவ்வளவுதான். பசுமைப் படை, சாலைப் பாதுகாப்பு, நூலகம் எல்லாவற்றையும் நேரத்துக்கு வந்தவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மிஞ்சியது மனித உரிமை. எல்லா இடத்திலும் அப்படித்தான் போலிருக்கிறது.

மன்றப் பொறுப்பாளருக்கு இரண்டு வேலை. ஒன்று, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் உலக நடப்பு. வகுப்பறை பற்றாக்குறை என்பதால் பின்பக்க மதில் ஓரம், புங்க மரத்தடியில் நடக்கும். சூடானில் சண்டை, கடலில் கவிழ்ந்த அகதிப் படகு, ஏதோ ஒரு நாட்டில் பெண்பிள்ளைகளின் பள்ளிக்குப் பூட்டு. தூரத்து அநியாயம் என்றால் எனக்கு நாக்கு நன்றாகவே புரளும். அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

நான் ஒரு வரி சொல்வேன், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். கேள்வி கேட்க வைப்பதுதான் கல்வி என்று பெரியவர்கள் எழுதியிருக்கிறார்கள். நானும் படித்திருக்கிறேன். அதையும் ஒருமுறை வகுப்பில் திருப்பிச் சொல்ல வைத்திருக்கிறேன்.

இரண்டாவது வேலை உறுதிமொழி. காலையில் எச்.எம். மேடத்தின் போனுக்குச் செய்தி வரும். இன்று பதினொரு மணிக்கு இன்ன ஒழிப்பு உறுதிமொழி எடுத்து, போட்டோவை உடனே பதிவேற்ற வேண்டும். குழந்தைத் தொழில், கொத்தடிமை, தீண்டாமை என ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் உண்டு. பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி, வலது கையை நீட்டச் சொல்லி, மைக்கில் நான் வரி வரியாக வாசிக்க, எதையாவது ஒழித்துவிட்டு வகுப்புக்கு அனுப்புவோம். சில வாரங்களில் இரண்டை ஒழித்ததும் உண்டு.

சேர்ந்த சில நாளிலேயே அந்த எதிரொலியைக் கவனித்தேன். பிள்ளைகள் சொல்லி முடித்ததும், மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அதே வரி மெல்லிசாகத் திரும்பி வரும். மதிலை ஒட்டி ஒரு பழைய கிரானைட் பாலிஷ் ஷெட். கிரேனிலிருந்து கல் நழுவி ஒரு தொழிலாளி செத்ததாகவும் அதற்கப்புறம் மூடிவிட்டதாகவும் ஊரில் சொன்னார்கள். கேட்டில் பெரிய பூட்டு. கேட் உயரத்துக்குப் பார்த்தீனியச் செடி. தகரச் சுவரில் பட்டுச் சத்தம் திரும்புகிறது என்று சயின்ஸ் டீச்சர் கரும்பலகையில் படமே போட்டுக் காட்டினார். சில காலைகளில் அந்தப் பக்கமிருந்து ஒயர் எரிகிற நாற்றம் வரும். சுற்றிலும் கம்பெனிகள். எந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று ஓசூரில் யார் தேடுகிறார்கள்?

எனக்கு எதிரொலி புதிதும் இல்லை. வேலைக்கு வந்த நாளாக வகுப்பில் நான் கேட்டது அது ஒன்றைத்தான்.

ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை, பாடத்தின் நடுவில், "பின்னாடி யாரு சிரிக்கிறது?" என்று அதட்டினேன். பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து, சாவகாசமாக, மதில் கேட்டது: "பின்னாடி யாரு சிரிக்கிறது?"

ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. அன்றைக்குப் பாடத்தைச் சீக்கிரமே முடித்துவிட்டேன்.

2. எதிரொலிக்குப் பெயர்

அந்த வருடம் கொத்தடிமை ஒழிப்பு நாளுக்கு முன்முற்றத்தில் ஏதோ பந்தல் வேலை நடந்தது. அதனால் உறுதிமொழியைப் பின்பக்க மைதானத்தில் வைத்துக்கொண்டோம். வழக்கமாக வாசிக்கும் எனக்குப் பதிலாக அன்று வாசிக்க வந்தவள் ஒன்பதாம் வகுப்பு மஞ்சுளா. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ். மூன்றிலும் பதிலுக்குப் பதில் பேசுவாள். உறுதிமொழித் தாளில் முதலில் புள்ளி வைத்த இடம் இருந்தது, அவரவர் பெயரைச் சொல்வதற்கு. அவள் கணீரென்று, "மஞ்சுளா ஆகிய நான்" என்றாள்.

மொத்தப் பள்ளியும் கை நீட்டி, "மஞ்சுளா ஆகிய நான்" என்றது.

மதிலும் சொன்னது: "மஞ்சுளா ஆகிய நான்."

நான் மைக்கைப் பிடுங்கித் திட்டினேன். அவரவர் பேரைச் சொல்ல வேண்டும், பள்ளிக்கூடம் முழுக்க மஞ்சுளாவா, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். இந்தத் தடவை ஆளாளுக்கு அவரவர் பெயரைக் கத்தியதில் சந்தைக்கடை மாதிரி ஓர் இரைச்சல் கிளம்பி அடங்கியது.

அது அடங்கின பிறகு மதிலுக்குப் பின்னாலிருந்து ஒற்றைக் குரல் வந்தது.

"சபிதா ஆகிய நான்."

பதினொரு மணி வெயில். நீட்டின கைகள் எல்லாம் அப்படியே நின்றன. எங்கள் பள்ளியில் சபிதா என்று யாரும் இல்லை. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கையை இறக்காமலே என்னைப் பார்த்துக் கேட்டான்: "சார், செத்துப்போனவங்க உறுதிமொழி எடுக்கலாங்களா?"

நல்ல கேள்வி. பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

மஞ்சுளாவுக்குப் பயம் வரவில்லை, கோபம் வந்தது. மதிலை முறைத்துக்கொண்டே என்னிடம் வந்து நின்றாள். "சார், எதிரொலின்னா நாம சொல்றதத்தான சொல்லும்? நீங்க திட்டினதும் அது எப்படி சார் திருத்திக்கினு சொல்லுது? உள்ள ஆள் இருக்குது சார்."

ஆள் இருக்கிறது. பூட்டு வெளியே தொங்குகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் எனக்குப் பேய் எவ்வளவோ தேவலாம் என்று பட்டது.

எச்.எம். மேடம் திருநெல்வேலிக்காரர். நல்லவர். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். ஷெட் உரிமையாளர்தான் எங்கள் பள்ளிக்கு மேடை கட்டிக் கொடுத்தவர். குடிநீர் இயந்திரமும் அவர் கொடுத்தது.

"சார், மேடையில யாரு பேரு இருக்குன்னு பாத்தியளா? அடுத்தாப்ல ரெண்டு கிளாஸ் ரூம் கட்டித் தாரேன்னு சொல்லியிருக்காவ. நீங்க பேயின்னு சொல்லி முடிச்சிருங்க. பேயின்னா ஒரு பூசையோட போயிரும். ஆளுன்னா, நீங்களும் நானும் எந்த ஊருக்குப் போவோம்னு தெரியாது."

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை உலக நடப்பு அறைக்குள் நடந்தது. எந்தப் போரைப் பற்றிப் பேசினேன் என்று நினைவில்லை. பேசும்போது பிள்ளைகள் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னல் வழியாக மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது. மஞ்சுளா பாடப்புத்தகத்தைக் கவிழ்த்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். பின்னட்டையில் குழந்தைகள் உதவி எண் அச்சடித்திருந்தது. மனப்பாடம் பண்ண வைத்து அதை ஒரு மார்க் கேள்வியாகவும் கேட்டிருக்கிறேன். கூப்பிட்டால் எடுப்பார்களா என்று யோசித்ததே இல்லை.

எடுத்தார்கள்.

3. கூட்டாய்வு

சில நாளில் தொழிலாளர் துறையிலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தார். கூட வி.ஏ.ஓ., ஒரு போலீஸ்காரர். அவர்களுக்கு முன்னாலேயே உரிமையாளரின் சூப்பர்வைசர் சாவியோடு கேட்டருகே நின்று எல்லோருக்கும் இளநீர் வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆய்வு என்பது ரகசியம். ஆனால் எங்கள் ஊரில் ரகசியத்துக்கு இளநீர் தயாராக இருக்கும்.

புகார் கொடுத்தவன் என்ற முறையில் நானும் உள்ளே போனேன். ஷெட் காலி. ஒரு மூலையில் அறுக்காத பாளங்கள் நாலைந்து. கல் தூக்கிப் பல வருடமான கிரேன் கொக்கி காற்றே இல்லாமல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. தரை பெருக்கி, தண்ணீர் தெளித்து, இன்னும் ஈரமாக இருந்தது. அந்த இடத்தில் எங்கேயும் ஒரு சிலந்தி வலை இல்லை.

அதை அதிகாரியிடம் சொன்னேன். அவர் சோர்வாக, காலி ஷெட்டைச் சுத்தமாக வைத்திருப்பதற்கு எந்தச் சட்டத்தில் கேஸ் போடுவது என்று கேட்டார். சூப்பர்வைசருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சார் மனித உரிமை வாத்தியாருங்களாம். ஏன் சார், பேய்க்கும் உரிமை இருக்குதுங்களா?"

அதிகாரி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, வி.ஏ.ஓ.விடம் போகலாம் என்று சைகை காட்டினார். அவர் வாசலைத் தாண்டினால் பூட்டு மறுபடி விழும். அதற்கப்புறம் இந்த ஷெட்டைத் திறக்க யாரும் வரமாட்டார்கள். ஈரத் தரையைப் பார்த்தபடி நின்றேன்.

அப்போது மதிலுக்கு அந்தப் பக்கம், எங்கள் பள்ளி மைதானத்திலிருந்து மஞ்சுளாவின் குரல் கேட்டது. மைக் இல்லை. அன்று எந்த ஒழிப்பு நாளும் இல்லை. எச்.எம். மேடம் பிள்ளைகள் வகுப்பைவிட்டு வெளியே வரக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

"மஞ்சுளா ஆகிய நான்."

பிள்ளைகள் அவரவர் பெயரைச் சொன்னார்கள். வழக்கமான இரைச்சல், வழக்கம்போல அடங்கியது. அவள் அடுத்த வரிக்குப் போகவில்லை. மொத்தப் பள்ளியும் சும்மா நின்றது. ஓர் அரசுப் பள்ளியில் அத்தனை பிள்ளைகள் அவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருந்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

எங்கள் காலுக்கடியிலிருந்து வந்தது.

"சபிதா ஆகிய நான்."

அதிகாரி நின்றார். சூப்பர்வைசர், "பள்ளிக்கூடத்துச் சத்தம் சார்" என்று ஆரம்பித்தார். அவர் முடிக்கும் முன் தரைக்குள் இன்னொரு குரல், ஓர் ஆம்பளைக் குரல், தடுமாறிக்கொண்டே ஒரு பெயரைச் சொல்லி "ஆகிய நான்" என்றது. பிறகு ஒரு கிழவியின் குரல். பிறகு மிகச் சின்னதாக ஒன்று. ஒவ்வொரு பெயரும் முந்தையது முடியும்வரை காத்திருந்து வந்தது, அட்டெண்டன்ஸ் எடுப்பதைப் போல.

கல் அறுக்கும் தண்ணீர் போய்ச் சேர்வதற்குத் தரைக்குக் கீழே தொட்டி கட்டியிருப்பார்கள். அதன் வாயில் ஒரு கல் பலகையைப் போட்டு மூடியிருந்தது. போலீஸ்காரரும் வி.ஏ.ஓ.வும் நானும் சேர்ந்து நகர்த்தினோம். முதலில் ஒரு வலது கை வெளியே நீண்டது. விரல்களெல்லாம் சேர்த்து, உள்ளங்கை கீழ்நோக்கி, உறுதிமொழிக்கு நீட்டுவதைப் போலவே. அதிகாரி அதைப் பிடித்துத் தூக்கினார்.

ஒருவர் பின் ஒருவராக ஏறி, ஷெட்டுக்கு வெளியே வந்தார்கள். தொட்டியில் காய்ந்து கிடந்த கல் மாவு அப்பி, தலைமுடி, இமை, உதடு எல்லாம் வெள்ளை. நடந்தால் உடம்பிலிருந்து மாவு உதிர்ந்தது. மதில்மேல் எங்கள் பிள்ளைகள் வரிசையாக ஏறி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன்கூட ஓடவில்லை.

4. மொழிபெயர்ப்பு

கம்பெனிகளிலிருந்து வரும் கழிவு ஒயரை உரித்தும் எரித்தும் செம்பு எடுக்கிற வேலை. சத்தம் வராத வேலை என்பதால் மூடிய ஷெட்டில் வைத்துச் செய்திருக்கிறார்கள். ஆய்வு வருகிறது என்று தெரிந்ததும் எல்லோரையும் தொட்டிக்குள் இறக்கி மூடிவிட்டார்கள். ஒடிசாவிலிருந்து அழைத்து வந்து உள்ளே விட்டுப் பூட்டியதுதான், அதற்கப்புறம் யாரும் கேட்டைத் தாண்டவில்லை. சபிதாவுக்குப் பதினெட்டு என்றார் சூப்பர்வைசர். பன்னிரண்டுக்கு மேல் இருக்காது என்றார் டாக்டர். அவளைக் கேட்கலாம் என்றால் எங்கள் யாருக்கும் மொழி தெரியவில்லை. அவளுக்குச் சரளமாக வந்த தமிழ் நான் சொல்லிக் கொடுத்தது மட்டும்தான். உன் பெயர் என்னம்மா என்று அதிகாரி கேட்டதற்கு நேராக நின்று முழு உறுதிமொழியையும் ஒப்பித்தாள், நடுவில் வரும் என் இருமல் உட்பட.

அவர்கள் எல்லோரும் ஊர் திரும்பினார்கள். வழக்கு நடக்கிறது. மேடையில் நன்கொடையாளர் பெயரும் இருக்கிறது. எச்.எம். மேடம் அதன்மேல் ஒரு திருக்குறள் சார்ட்டை ஒட்டி மறைத்து வைத்திருக்கிறார். அவரால் முடிந்தது அது.

அவர்கள் கிளம்பும் முன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஒடிசாக்காரர் ஒருவரைப் பிடித்து அவளிடம் பேச வைத்தேன். மதிலுக்கு இந்தப் பக்கம் பள்ளிக்கூடம் என்று தெரிந்துதான் உதவிக்காகத் திருப்பிச் சொன்னாளா என்று கேட்கச் சொன்னேன். பாராட்டைக் கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர்கள் இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினார்கள். ஃபோர்க்லிஃப்ட்காரர் என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"பள்ளிக்கூடம்னு தெரியாதாம் சார். மணி அடிக்கிறாங்க, தலை எண்ணுறாங்க, ஒரு ஆள் கத்துறாரு, எல்லாம் ஒரே மாதிரி திருப்பிச் சொல்லுதுங்க. அங்கயும் நெறையப் புள்ளைங்கள அடைச்சு வச்சிருக்காங்கன்னு நெனைச்சிச்சாம். அன்னைக்கு ஆளுக்கொரு பேரு சொல்றது புரிஞ்சதும் இதுவும் தன் பேரைச் சொல்லிச்சாம். இங்கயும் ஆள் இருக்குது, பயப்படாதீங்கன்னு சொல்லத்தான் கூடவே சொல்லிச்சாம்."

அந்த ஷெட்டுக்கு இப்போது பூட்டு இல்லை. ஒருநாள் எனக்குப் பீரியட் இல்லாத நேரத்தில் உள்ளே போய், தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்தேன். மேலே பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. மணி அடித்தது. யாரோ ஒரு சக ஆசிரியர் ஏதோ ஒரு வரியைச் சொன்னார், யாரென்று அடையாளம் தெரியவில்லை. பிள்ளைகள் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். இன்னொரு வரி. அதற்கும் அதே குரல். அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியுமா என்று கடைசிவரை கேட்டுப் பார்த்தேன். பிறகு ஏறி வந்துவிட்டேன். சட்டையில் ஒட்டிய மாவு சாயங்காலம்வரை போகவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமை உலக நடப்பில் நான் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். பிள்ளைகள் கேட்கிறார்கள். பாதிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரிவதில்லை. வகுப்பில் ஒரே கூச்சல் என்று எச்.எம். மேடம் குறைப்படுகிறார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான். மனித உரிமைப் பாடம் எடுக்கும் முன், ஒருநாள் உங்கள் பள்ளி மதிலுக்கு வெளியே போய் நின்று, முகம் தெரியாமல் குரலை மட்டும் கேட்டுப் பாருங்கள்.