எங்கள் வீட்டின் முறை

பூமி ஆடிய அன்று சுரங்கத்துக்கு விடுமுறை. மற்ற நாட்களில் மதியம் சங்கு ஊதும். கொஞ்ச நேரத்தில் வெடி வைப்பார்கள். அடுக்கில் பாத்திரங்கள் சிணுங்கும், கூரையிலிருந்து மண் உதிரும், அம்மா கையால் சோற்றை மூடிக்கொள்வாள். கீழப்பழுவூரைத் தாண்டி, சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கம் ஒன்றை ஒட்டியிருந்தது எங்கள் தெரு. அன்றைக்குச் சங்கு ஊதாமலே பாத்திரங்கள் சிணுங்கியதும், "லீவு நாள்லயும் வெடி வெக்கிறானுவளா?" என்று திட்டிக்கொண்டே அம்மா சோற்றை மூடினாள். அடுத்த நொடி என்னை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். எங்களுக்குப் பின்னால் வீடு உட்கார்ந்தது.

அரியலூர் டவுனில் பலருக்கு அது தெரியவேயில்லையாம். லேசான நில அதிர்வு, சேதம் ஏதுமில்லை என்று மறுநாள் பேப்பரில் வந்திருந்ததை டீக்கடையில் யாரோ உரக்கப் படித்தார்கள். சேதமில்லாத அந்த அதிர்வில் எங்கள் தெருவில் ஒரு வீடும் முழுதாக நிற்கவில்லை. எல்லாம் வருஷக்கணக்காக வெடியில் விரிசல் விட்டிருந்த மண்சுவர்கள். ஒரு தள்ளு போதுமாயிருந்தது.

பக்கத்து வீடு அப்பாவின் தங்கையான என் அத்தையுடையது. மாமா சாப்பிட்டுவிட்டுச் சுவரோரம் பாய் போட்டுப் படுத்திருந்தார். அத்தை கொல்லையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆண்கள் மண்ணைத் தோண்டி மாமாவை எடுத்தபோது, கழுவிய தட்டைக் கையில் வைத்தபடியே நின்றாள். யாரும் அதை அவளிடமிருந்து வாங்கவில்லை.

தாலுகா ஆபீஸிலிருந்து வந்தவர்கள் சுற்றிப் பார்த்தார்கள். விரிசலெல்லாம் பழசு, அதிர்வில் வந்ததில்லை என்றார்கள். சுரங்கத்துக்காரர்கள், பூமி ஆடியதற்கு நாங்கள் என்ன செய்வோம் என்றார்கள். இரண்டு பேச்சும் சரியாகத்தான் பட்டது எனக்கு. பிறகு யாரும் வரவில்லை.

முந்திரித் தோப்பில் படுதா கட்டித் தெருவே குடியிருந்தது. அங்கே ஒருநாள் அப்பா எழுந்து பேசினார். அவர் ஊரானுக்கு டிராக்டர் ஓட்டுகிறவர், நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவர். "அவனவன் வூட்ட அவனவன் கட்டுனா ஒரு வூடும் எந்திரிக்காது. எல்லாரும் சேந்து ஒவ்வொரு வூடா எழுப்புவோம். மொதல்ல என் தங்கச்சி வூடு. கடைசில என்னுது."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் மறுநாள் மண் குழைக்க முதலில் இறங்கியவள் அவள்தான்.

அந்தக் கோடையை நான் திருவிழாவாகத்தான் கழித்தேன். பிள்ளைகள் சேற்றை மிதிப்போம். பெண்கள் உருண்டை பிடித்துக் கொடுக்க, ஆண்கள் சுவர் வைப்பார்கள். இடிபாட்டிலிருந்து பொறுக்கிய ஓடுகளையும் கதவுகளையும் கழுவித் திரும்பவும் பூட்டினார்கள். அத்தை வீட்டுச் சுவர் இடுப்பளவு வந்தபோது, அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்ண்ணே. இதுக்கு மேல கீத்து வெச்சு மறைச்சுடு. விழுந்தாலும் என்னத்த விழுந்துடும்?"

அப்பா அப்படியே கட்டிக்கொடுத்தார். 

வீடுகள் ஒவ்வொன்றாக எழும்பின. சுரங்கத்தில் மறுபடி சங்கு ஊதியது. முதலில் கட்டிய வீடுகளின் காயாத பூச்சில் மயிரிழை போலக் கோடு விழுந்தது. அப்பா சேற்றைக் குழைத்து அப்பினார். அடுத்த வாரம் அதே இடத்தில் விரல் நுழைந்தது. எங்கள் தெருவுக்குள் சுரங்கத்துக்காரர்களின் கார் வந்து போக ஆரம்பித்தது. டீக்கடைப் பக்கம் அப்பா போனால் பேச்சு நின்றது. வேலைக்கு வருகிறவர்கள் குறைந்ததில் எனக்கு வருத்தம் ஒன்றே ஒன்றுதான், சேறு மிதிக்கக் கூட்டாளிகள் இல்லை.

எங்கள் வீட்டின் முறை வந்தபோது அஸ்திவாரக் குழியை அப்பாவும் அம்மாவும் மட்டும் தோண்டினார்கள்.

பிறகு ஒரு காலையில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மண்வெட்டியோடு அல்ல. ஒருவர் ஜன்னலைத் தூக்கி வந்தார், இன்னொருவர் ஓடுகளை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். கதவைச் சுமந்து வந்தவர்கள் அதைப் புளியமரத்தில் சாய்த்துவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் திரும்பினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வீடு கடைசி என்பதால் தெருவே சேர்ந்து சீர் கொண்டுவருகிறது என்று நினைத்தேன். ஊரிலேயே பெரிய வீடு எங்களுடையதாகத்தான் இருக்கப்போகிறது.

கடைசியாக அத்தை வந்தாள், தன் கதவைத் தலையில் வைத்துக்கொண்டு.

"நீயுமாம்மா?" என்றார் அப்பா.

"மத்தியானம் சங்கு ஊதுனா போதும்ண்ணே, கை தானா சுவத்தப் புடிச்சுக்குது. எல்லாரும் எடத்த சொரங்கத்துக்கு எழுதிக் குடுத்துட்டாங்க, நான் மட்டும் என்ன பண்ணுவேன்? பெரம்பலூர்ல வாடவைக்கு ஒரு ரூம்பு பாத்திருக்கேன். அங்க கதவு இருக்குது. இத நீ வெச்சுக்க."

அப்பா கதவை இறக்க உதவினார். அதன் பிறகு குழிமேட்டில் போய் உட்கார்ந்தார். அம்மா அத்தையோடு ரோடு வரைக்கும் போனாள்.

எங்கள் வீடு எழும்பவில்லை. மழைக்கு முன்னால் நாங்களும் அரியலூருக்குப் போய்விட்டோம். தெரு இருந்த இடத்தில் இப்போது பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளம். அப்பா பிறகு எவருக்கும் எதையும் கட்டிக்கொடுக்கச் சேரவில்லை, எங்களுக்கும் சொந்த வீடு கட்டவில்லை. வாடகை வீட்டிலேயே செத்துப்போனார்.

ஆனால் அந்தக் காலையில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மரத்தைச் சுற்றிச் சாய்ந்திருந்த கதவுகள் எல்லாம் எனக்குத் தெரிந்தவை. எது யாருடையது என்று சாயத்தைப் பார்த்தே சொல்வேன். ஒவ்வொன்றாகப் போய்த் தட்டினேன். அத்தையின் கதவைத் தட்டி, "அத்தே, வூட்ல இருக்கீங்களா?" என்று கத்தினேன்.

"யாரும் இல்ல பாப்பா," என்றார் அப்பா, குழிமேட்டில் இருந்தபடியே.

அப்பாவும் விளையாட்டில் சேர்ந்துகொண்டார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே ஓடிப் போய் அடுத்த கதவைத் தட்டினேன்.