பதினேழாம் எண்ணின் ஒன்பது நிமிடம்

அச்சகத்தில் பதினாறு வருடம் தட்டச்சு செய்தவள், நாற்பது வயதில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். கணினியில் எழுதுகிறவர்கள் எங்கே தயங்குகிறார்கள், எதை எழுதி அழிக்கிறார்கள் என்பதுதான் அவள் பாடம். துறையில் அவளுக்குப் ‘பேக்ஸ்பேஸ் அக்கா’ என்றே பெயர்.

இருபத்து நான்கு பேரைக் கண்ணாடிச் சுவர் வைத்த அறையில் உட்காரவைத்து, வீட்டைப் பற்றி அரை மணி நேரம் எழுதச் சொன்னாள். விரல் பட்ட ஒவ்வொரு விசையையும் ஒரு மென்பொருள் பதிவு செய்தது. யார் எழுதியது என்று அவளுக்கே தெரியக்கூடாது என்பதால், துறை எழுத்தர்தான் எண் கொடுத்தார். ஆள் குறைந்தபோது பள்ளி ஆசிரியையான தன் தங்கையையும் கூப்பிட்டாள்.

எழுதி முடித்து வெளியே வந்த தங்கை கேட்டாள்: “நான் எழுதினதை நீ படிப்பியாக்கா?”

“படிக்க எங்கடி நேரம்? எண்ணத்தான் போறேன்.”

“சரி” என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கருத்தரங்கில் பதினேழாம் எண்ணின் வரைபடத்தைத்தான் அவள் பெரிதாகக் காட்டினாள். நடுவில் ஒன்பது நிமிட மௌனம். பிறகு மளமளவென்று அழிப்பு. “அடுப்பை அணைச்சோமா இல்லையான்னு யோசிச்சிருப்பாங்க போல” என்றாள். அரங்கமே சிரித்தது.

நான்கு மாதத்தில் தங்கை இறந்துபோனாள். புற்றுநோய். மருத்துவமனையில் சேர்த்த அன்றுதான் கட்டிய கணவனுக்கே தெரியும்.

காரியமெல்லாம் முடிந்து துறைக்கு வந்தவள் நேரே எழுத்தரிடம் போனாள். “என் தங்கச்சிக்கு என்ன நம்பர் போட்டீங்க?”

அவர் பதிவேட்டைத் திறக்கத் தயங்கினார். “வேண்டாம்மா.”

“சொல்லுங்க சார்.”

“பதினேழு.”

பதிவை ஓடவிட்டாள். தங்கை தட்டிய வேகத்திலேயே எழுத்துகள் வந்தன. சமையலறைக் கூரை ஒழுகுவதைப் பற்றி நான்கு வரி. பிறகு: ‘அக்கா, ரிசல்ட் வந்துடுச்சு. முதல்ல உன்கிட்டதான் சொல்லணும்னு.’

அங்கே நின்றது. வேகமாக ஓட்டும் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் தொடவில்லை. அந்த ஒன்பது நிமிடமும் தான் கண்ணாடிச் சுவருக்கு வெளியே யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. பிறகு கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தது. ‘அக்கா’வும் போயிற்று. திரையில் மறுபடி கூரை ஒழுகத் தொடங்கியது.

மறுநாள் வழிகாட்டிப் பேராசிரியரிடம் பதினேழை எடுத்துவிடப்போவதாகச் சொன்னாள்.

“உங்க ஆய்வுக்கே உயிர் அதுதானேம்மா?”

“ஆமா சார்” என்றவள், அன்றே அதை எடுத்துவிட்டாள்.

பட்டம் வர மேலும் இரண்டு வருடம் பிடித்தது. தங்கை கணவனிடம் அந்த வரியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அவன் படித்துவிட்டு, “உங்களுக்காவது சொல்லணும்னு நெனச்சிருக்கா” என்று திருப்பிக் கொடுக்க வந்தான். அதை வாங்கிக்கொள்ள அவளால் கையை நீட்ட முடியவில்லை.