வேட்டு எண்ணிய காது

சுரங்கப் பொறியியல் படித்துவிட்டு இந்த ஊரில் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் 'ஃபாரின்' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். திமிர்தான். ஆப்பிரிக்காவில் செம்புச் சுரங்கம் நடத்தும் கம்பெனி ஒன்று, வெடி வைக்கும் இடத்தில் ஒரு வருடமாவது நின்றவன்தான் வேண்டும் என்றது. கருங்குழிக்குப் பக்கத்தில் ஒரு கல்குவாரியில் சேர்ந்தேன். அப்பா அங்கே டிப்பர் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் சொல்லித்தான் எனக்கு வேலை கிடைத்தது.

பாறையில் துளை போடும் மெஷின் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவரின் வாய் அசைவதுதான் தெரியும். முதல் நாள் காதில் இயர் பிளக் வைத்துக்கொண்டு போனேன். முதலாளி பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சார், பாட்டு கேட்டுகினு வேல பாக்கறீங்களா? கயட்டுங்க. வேட்ட யாரு எண்ணுவா?"

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. திரி வைத்த வெடிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும். பத்து வைத்து ஒன்பது சத்தம் வந்தால், வெடிக்காத ஒன்று பாறைக்குள் இருக்கிறது என்று பொருள். தெரியாமல் அதன்மேல் துளை போட்டால் ஆள் மிஞ்ச மாட்டான். அதனால் ஒருவன் நின்று எண்ணியே ஆக வேண்டும். ஆனால் காதை மூடும் கவசம் போட்டுக்கொண்டும் எண்ணலாம். வேட்டுச் சத்தம் கவசத்தைத் தாண்டியும் நன்றாகக் கேட்கும். நாலைந்து வாங்கிப் போடுங்கள் என்றேன். "பாக்கலாம், பாக்கலாம்" என்றார். ஒரு வருடமும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

சண்டை போட்டால் அனுபவச் சான்றிதழ் தர மாட்டார். சான்றிதழ் இல்லாவிட்டால் ஆப்பிரிக்கா இல்லை. இயர் பிளக்கைக் கழற்றிவிட்டு, வேட்டு எண்ணினேன். மீதி நேரமெல்லாம் துளை மெஷின் பக்கத்திலேயே நின்றேன். வீட்டுக்கு வந்து படுத்தால் காதுக்குள் சில்வண்டு கத்தும். டிவி சத்தத்தைக் குறை என்று அம்மா கத்துவாள்.

வருடம் முடிந்ததும் அந்த ஆப்பிரிக்கக் கம்பெனி வைத்த வீடியோ நேர்காணலில் வெடிக்காத வெடியைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். வேலை உனக்குத்தான், மருத்துவப் பரிசோதனை மட்டும் பாக்கி என்றார்கள். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். ஊரப்பாக்கத்து அத்தை எனக்குப் பெண் பார்க்கவே ஆரம்பித்துவிட்டாள்.

படூரில் ஒரு பரிசோதனை மையத்தில் என்னைச் சின்ன அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தார்கள். ஒலி கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். முதலில் அழுத்திக்கொண்டே இருந்தேன். பிறகு ஒன்றும் வரவில்லை. அடுத்ததுக்காகக் காத்திருந்தேன். பரிசோதனை செய்த பெண் கதவைத் திறந்தாள்.

"சார், தூங்கிட்டீங்களா?"

"நீங்க நிறுத்திட்டீங்களே?"

"இல்ல சார். நான் போட்டுகினேதான் இருக்கேன்."

கீச்சென்ற ஒலிகள் எதுவும் என் காதுக்கு எட்டவில்லை. போன காது போனதுதான், திரும்பி வராது என்றார் டாக்டர். கம்பெனி இரண்டு வரியில் மன்னிப்புக் கேட்டு முடித்துக்கொண்டது. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலையே என்று அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, வெறி வந்தது. அவர்கள் கேட்ட அனுபவத்தை வாங்கப்போய்த்தானே அவர்கள் கேட்ட காதைத் தொலைத்தேன்!

"குவாரிக்குப் போய் சண்ட வலிக்காத. நானும் அங்கதான் ஓட்டிகினு கீறேன்" என்றார் அப்பா. மறுநாளே போனேன்.

விஷயத்தைக் கேட்டு முதலாளி உச்சுக்கொட்டினார். "வுடுங்க சார். இங்கியே வந்துடுங்க. இங்க காத எல்லாம் யாரு பாக்கறா?"

பல்லைக் கடித்துக்கொண்டேன். அங்கேயே வருடக்கணக்காகத் துளை போடுகிற அண்ணன் ஒருவர், மெஷினை நிறுத்திவிட்டு எங்கள் பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இவருக்காவது ஒரு கவசம் வாங்கிக் கொடுங்கள் என்றேன்.

முதலாளி அவர் பக்கம் கையைக் காட்டினார். "இவனுக்கு எதுக்கு சார்? இவன் இன்னா ஃபாரினா போப்போறான்?"

தன்னைக் காட்டிப் பேசுவது அண்ணனுக்குத் தெரிந்தது. சிரித்துக்கொண்டே காதருகில் கையைக் குவித்து என்னிடம் கேட்டார்: "இன்னா சார் சொல்றாரு?"

வேண்டாம் என்று முதலாளி கண்ணைக் காட்டினார். நான் அண்ணனின் காதுக்குப் பக்கத்தில் போய், ஒரு வார்த்தை குறைக்காமல், குவாரி முழுக்கக் கேட்கும்படி கத்திச் சொன்னேன்.