தரையைத் துழாவிய பெண்ணுக்கு ஒன்றரை ஸ்டார்

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். இன்னும் தோள் கூசுகிறது.

பொன்னாடை எனக்குப் புதிதில்லை. பதினாறு வருஷமாக இந்தப் பக்கத்தில் உங்களோடு சினிமா பேசிக்கொண்டிருக்கிறவன்... வருஷத்துக்கு நாலைந்தாவது வந்து சேரும். எங்கள் வீட்டில் டிவிக்கு உறை, இஸ்திரி மேஜைக்கு விரிப்பு எல்லாம் அதுதான். இந்த ஒன்றை மட்டும் மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். இந்த வாரம் கிண்டல் முழுக்க என்னைப் பற்றித்தான், சந்தோஷமாகப் படிக்கலாம்.

விருதுப் பட்டியல் வந்ததும் நான் ஒரு பத்தி எழுதுவது உங்களுக்குத் தெரியும். பரிந்துரையான படங்கள், படத்துக்கு ஒரு பாரா, முடிவில் ஸ்டார். இந்த வருஷம் ஐந்து படங்கள். மழையில் தொடங்கி மழையிலேயே முடிகிற படத்துக்கு 'குடையோடு போகவும்' என்றேன். ஹீரோ வாயே திறக்காத படத்துக்கு 'வசனம் எழுதியவர் லீவில் போய்விட்டாரா?' என்று கேட்டேன். கோர்ட்டுக்குள்ளேயே நடக்கிற படத்தில் இடைவேளைக்குக்கூட வாய்தா வாங்க வேண்டியிருக்கிறது என்றேன். ஒரு கிழவரும் நாயும் மலையேறுகிற படத்தில் நாயின் நடிப்பைப் பாராட்டினேன்.

நீங்களும் சிரித்தீர்கள். வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் அனுப்பினீர்கள். ஒருவர், 'சார், இனிமேல் படமே பார்க்க வேண்டாம், உங்கள் பாரா போதும்' என்று எழுதியிருந்தார். படித்துப் பூரித்துப் போனேன். இப்போது யோசித்தால்... அது பாராட்டா?

ஐந்தாவது படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதற்கு நான் செய்தது போதும். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் கூலி வேலைக்குப் போகிற பெண்களைப் பற்றிய படம். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. பாட்டு இல்லை. நான் போட்டது ஒன்றரை ஸ்டார்.

அதை எப்படிப் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தேனியிலிருந்து கம்பத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன பஸ்ஸில். போனில். ஒன்றரை மடங்கு ஸ்பீடில். சின்னமனூர் தாண்டியதும் தூங்கிவிட்டேன். உத்தமபாளையத்தில் கண்டக்டரின் விசில் கேட்டு விழித்து, தூங்கின பகுதியை அப்படியே தாண்டி மேலே ஓட்டினேன். கம்பத்தில் இறங்கும்போது இன்னும் நாற்பது நிமிஷம் பாக்கி. கல்யாணச் சாப்பாட்டில் அது மறந்தே போயிற்று.

கட்டுரையைப் படித்த என் மனைவி, "நீங்க படத்தப் பாத்தீகளா, பஸ் ஜன்னலப் பாத்தீகளா?" என்று கேட்டாள். அனுபவசாலிக்குப் பத்து நிமிஷம் போதும் என்றேன்.

அந்தப் பத்து நிமிஷ அனுபவசாலி எழுதினது இது —

'தோட்டத் தொழிலாளியாக வரும் அம்மணி ஏலக்காய் எடுக்கிறாரா, தொலைந்துபோன கம்மலைத் தேடுகிறாரா? செடி தலைக்கு மேல் நிற்கிறது. இவரோ உட்கார்ந்து தரையைத் துழாவிக்கொண்டே இருக்கிறார். நடிக்கத் தெரியாதவரைப் பிடித்து நடிக்க வைத்தால் இப்படித்தான். இயக்குநர் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு நடை வந்திருந்தால் நாங்களே காட்டியிருப்போமே.'

நாங்களே காட்டியிருப்போமே. நான்தான் எழுதினேன்.

இரண்டு வாரம் முன்பு ஒரு போன். ராயப்பன்பட்டியிலிருந்து ஞானம் வாத்தியார். பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். "எங்க ஊர்க்காரம்மா ஒண்ணு படத்துல நடிச்சிருக்கு சார். விருதுப் பட்டியலுக்கெல்லாம் போன படம். ஊர்ல திரை கட்டிப் போடுறோம். நீங்க வந்து பேசணும். உங்கள விட்டா நம்ம பக்கத்துல சினிமா பத்தி எழுதுறவுக யாரு இருக்காக?" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் விழுந்துவிட்டேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் என்ன படம் என்று கேட்டேன். அவர் பெயரைச் சொன்னார்.

வீட்டுக்குப் போய்ப் பழைய இதழைத் தேடி எடுத்துப் படித்தேன். சரி, இதையெல்லாம் யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் பத்தியை யாரும் படித்திருக்கக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை காலை. சர்ச்சில் பூசை முடிந்த கையோடு சனம் பக்கத்து மண்டபத்துக்கு வந்துவிட்டது. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. முன்வரிசையில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஓரத்தில் சுவரோடு ஒட்டி, மெலிந்த, நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். "அதுதான் ஜெசிந்தா" என்று காட்டினார் வாத்தியார். நான் கும்பிட்டேன். அவர் என்னை விடக் குனிந்து கும்பிட்டார்.

படம் ஓடியது. சாதாரண ஸ்பீடில். அந்தக் காட்சி வந்தது.

ஜெசிந்தா குத்தவைத்து உட்கார்கிறார். சருகை ஒதுக்குகிறார். விரல்கள் மண்ணை ஒட்டிப் போகின்றன. எனக்குப் பின்னால் பெண்கள் பகுதியில் ஒரு சலசலப்பு. "அங்கன பாரு, சரத்தத் தூக்கிவிட்டு எடுக்குறா" என்றது ஒரு குரல். "பிஞ்ச விட்டுட்டு வெளஞ்சத மட்டும் எடுக்குறா பாரு. அந்த வெரலு பொய் சொல்லுமா?" என்றது இன்னொன்று.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஏலச்செடி ஆளை விட உயரமாக வளரும். ஆனால் காய் மேலே காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பி மண்ணோடு மண்ணாகப் படர்கிற சரத்தில் காய்க்கிறது. அதை எடுக்க வேண்டுமென்றால் தரையில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

எனக்கு இது தெரியாது.

என் பெரியப்பாவுக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம். காய்ந்த காயை உள்ளங்கையில் கொட்டிக் காட்டினால் 'எட்டு எம்.எம்.' என்று பருமனைச் சொல்லிவிடுவேன். தினம் இரண்டு வேளை ஏலக்காய் டீ. வெளியூர் நண்பர்களுக்குக் கால் கிலோ பாக்கெட் வாங்கிக்கொண்டு போய், 'எங்க ஊர் சரக்கு' என்று பெருமையாகக் கொடுப்பேன். ஐம்பத்து நான்கு வயது வரை அது செடியில் எங்கே காய்க்கிறது என்று நான் பார்த்ததும் இல்லை, யாரிடமும் கேட்டதும் இல்லை. அந்தப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்புகள் தினமும் என்னைத் தாண்டித்தான் போகின்றன. இவ்வளவு ஆளை ஏற்றுகிறார்களே என்று டிரைவரைத் திட்டியிருக்கிறேன். உள்ளே இருப்பவர்கள் அங்கே போய் என்ன செய்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

நான் தவறவிட்ட கடைசி நாற்பது நிமிஷத்தில், அந்தப் பெண் வீடு திரும்பிக் கை கழுவுகிறாள். சோப்புப் போட்டு, மண் போட்டுத் தேய்த்து, மறுபடி சோப்புப் போட்டு. பிறகு தூங்குகிற மகளின் தலையைத் தடவப் போய், கையை முகர்ந்து பார்த்துவிட்டு, வாசம் போகவில்லை என்று புறங்கையால் தடவுகிறாள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அது நானாகவும் இருக்கலாம்.

மேடைக்குக் கூப்பிட்டார்கள். இதோ, சொல்லிவிடு என்றது மனசு. மைக்கைப் பிடித்தேன். பத்து நிமிஷம் பேசினேன். 'உலகத் தரம்' என்றேன். 'யதார்த்தத்தின் உச்சம்' என்றேன். ஒன்றரை ஸ்டாரைப் பற்றி மட்டும் பேசவில்லை. கைதட்டினார்கள்.

ஜெசிந்தாதான் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமை... அப்படியும் அவர் கையில் ஏலக்காய் வாசம் இருந்தது.

கூட்டம் கலைந்து, காபி குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க எழுதுனத வாசிச்சேன் சார்."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"இருவத்திரெண்டு வருசமா காய் எடுக்குறேன் சார். கேமராவ வச்சதும், 'அக்கா, நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க'ன்னு டைரக்டர் சொன்னாக. நானும் வேலையப் பாத்துட்டேன். நடிக்கணும்னு தோணாமப் போச்சு. நீங்க எழுதுன பெறகுதான் அது தப்புன்னு எனக்கே வெளங்குச்சு. எப்படி எடுத்திருந்தா சார் பாக்குறவுகளுக்குச் சரியாத் தெரிஞ்சிருக்கும்?"

கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார். இருபத்திரண்டு வருஷம் வேலை செய்த தன் கையைச் சந்தேகப்பட்டுவிட்டு, பஸ்ஸில் தூங்கினவனிடம் பாடம் கேட்டு நிற்கிறார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது... கேமரா வச்ச எடம் கொஞ்சம் சரியில்லம்மா" என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. அறியாமல் எழுதினதைக்கூட மன்னித்துவிடலாம். அறிந்த பிறகு கேமராமேன் தலையில் கட்டினேன் பாருங்கள்... அதற்கு என்ன பெயர்?

பைக் வரைக்கும் வழியனுப்ப வந்தார் ஞானம் வாத்தியார். "சார், ஜெசிந்தாவ இன்னொரு படத்துக்குக் கூப்பிட்டிருக்காக. எர்ணாகுளத்து டைரக்டர். நல்ல வேசம். போகமாட்டேங்குது. 'படிச்சவுகளே எனக்கு நடிப்பு வரலைன்னு எழுதிட்டாக, அங்கன போயி அவுக படத்தையும் கெடுக்கவா'ன்னு கேக்குது. வர்ற ஞாயித்துக்கெழம போன் வரும், முடிவு சொல்லணும்" என்றார்.

"அப்போ... நீங்களும் வாசிச்சிருந்தீகளா?"

"வாசிக்காம இருப்பமா சார்? அதுக்குத்தான உங்களக் கூப்பிட்டதே. முழுசாப் பாத்தா நீங்களே மேடையில சொல்லிருவீகன்னு நெனச்சேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். முகம் மறைந்தது கொஞ்சம் வசதியாக இருந்தது.

திங்கள்கிழமை முழுக்கப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். "போன்ல சொல்ற விசயமா இது?" என்றாள் மனைவி. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிளம்பிப் போய் ராயப்பன்பட்டி பஸ் ஸ்டாப்பில் நின்றேன். ஜீப் வந்தது. பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். தூக்குவாளி, மடித்த சாக்கு, கலைந்த தலை. ஜெசிந்தா கடைசியாக இறங்கினார். நகத்துக்குள் மண்.

"ஜெசிந்தாம்மா, தப்பு உங்க மேல இல்ல. கேமரா மேலயும் இல்ல. ஏலக்கா எங்கன காய்க்கும்னு எனக்குத் தெரியாது. படத்தையும் நான் முழுசாப் பாக்கல. தெரியாமலே எழுதிட்டேன். மன்னிச்சிருங்க."

எல்லோர் முன்னாலும்தான் சொன்னேன். அப்புறம் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "காய் எங்கன காய்க்கும்னு தெரியாதா? தேனிக்காரருங்குறீக..." என்றார். அதற்குள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

ஜெசிந்தா மட்டும் சிரிக்கவில்லை. சாக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"எங்கிட்ட சொல்லிட்டீக, சரி சார். எழுதுனது பேப்பர்லயில்ல? அந்த எர்ணாகுளத்து டைரக்டரு அத யாரையாவது விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுருந்தாகன்னா? எம் மக படிக்குற காலேசுல அத எல்லாரும் வாசிச்சிருக்காக. அவுககிட்டயெல்லாம் நான் போயி, சார் பஸ் ஸ்டாப்புல வந்து மன்னிப்புக் கேட்டாகன்னு சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா?"

அவர் கேட்டதில் என்ன தப்பு?

கிளம்பும்போது அந்தச் சிரித்த பெண், "ஒரு நாளைக்கு எங்க கூட ஜீப்புல வாங்க சார். நீங்க காய் எடுங்க. நாங்க பாத்துட்டு ஸ்டார் போடுறோம்" என்றார். இதுவரை எனக்கு வந்த வாசகர் கடிதங்களில் அதுதான் சிறந்தது.

ஆகவே எழுதின இடத்திலேயே எழுதுகிறேன். அந்தப் படத்தில் அந்தப் பெண் ஏலக்காய் எடுக்கிற விதம்தான் சரி. அவர் தரையைத் துழாவவில்லை. காய் அங்கேதான் இருக்கிறது. நடிக்கத் தெரியாதவர் என்று நான் எழுதினது பொய். படத்தை முழுசாகப் பார்க்காமல் பார்த்ததுபோல் எழுதினதும் பொய். ஒன்றரை ஸ்டாரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக வேறு ஸ்டார் போடவில்லை. போட எனக்கு என்ன யோக்கியதை?

இதைப் படிக்கிற நீங்கள் போன தடவை வாட்ஸ்அப்பில் அனுப்பினவர்கள் எல்லோருக்கும் இதையும் அனுப்புங்கள். இதில் சிரிக்க அவ்வளவாக ஒன்றும் இல்லை என்று தெரியும். பரவாயில்லை, அனுப்புங்கள்.

ஜெசிந்தாம்மா, இந்த இதழ் சனிக்கிழமை உங்கள் ஊர்க் கடைக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை எர்ணாகுளத்திலிருந்து போன் வரும். வருகிறேன் என்று சொல்லுங்கள். அங்கேயும் நடிக்க வேண்டாம், வேலையைப் பாருங்கள்.

நானும் இனி என் வேலையைப் பார்க்கிறேன்... கடைசி நாற்பது நிமிஷத்தையும் சேர்த்து.